இயர்பட்ஸ் பேட்டரி: இடது காது மட்டும் சீக்கிரம் அணைந்துவிடுகிறது, நம் ஊர் வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது?

செந்தூல் வாசி

எல்லோருக்கும் வணக்கம். என் இயர்பட்ஸ் வாங்கி இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. புதிதில் காலையில் ரயில் ஏறும்போது மாட்டினால் மதியச் சாப்பாடு வரை தாங்கியது. இப்போது வலது காது ஓரளவு பரவாயில்லை, இடது காது பாதி வழியிலேயே அணைந்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகத்தான் மாட்டுகிறேன், ஒன்றாகத்தான் கேஸில் வைக்கிறேன். அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் இப்படி?

கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முழுக்கக் காலியாக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்கிறார் ஒருவர். இரவு முழுவதும் சார்ஜில் விடாதே என்கிறார் இன்னொருவர். கைப்பேசியின் 65 வாட் சார்ஜரில் போட்டால் வெந்துவிடும் என்று மூன்றாமவர். எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால் சார்ஜ் ஏறும் முனைகளைப் பாருங்கள். இயர்பட்டின் அடியில் இரண்டோ மூன்றோ சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். கேஸின் குழிக்குள் அதற்கு நேராக ஸ்பிரிங் வைத்த ஊசிகள் இருக்கும். காது அழுக்கும் வியர்வை உப்பும் அங்கே படிந்தால் தொடர்பு சரியாகக் கிடைக்காது. கேஸை மூடிவிட்டோம், சார்ஜ் ஏறுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு பக்கம் ஏறியே இருக்காது.

மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சுக்குச்சியை அதில் லேசாக நனைத்து, சொட்டாமல் பிழிந்துவிட்டு, முனைகளைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஊசி, பின் எதுவும் வைத்துச் சுரண்ட வேண்டாம். மேலே உள்ள முலாம் போய்விட்டால் துரு அங்கேயே ஆரம்பித்துவிடும்.

ஓய்வு பெற்ற வயர்லெஸ்காரர்

தம்பி, நான் பல வருடம் வாக்கி டாக்கி பராமரிப்பில் இருந்தவன். மாதம் ஒரு முறையாவது பேட்டரியைச் சுத்தமாகக் காலியாக்கி மறுபடி நிரப்ப வேண்டும். அப்படிச் செய்யாத பெட்டிகள் எல்லாம் சீக்கிரமே பாதிக் கொள்ளளவுக்கு வந்துவிடும். எங்கள் பணிமனையில் இதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தோம். இயர்பட்ஸுக்கும் அதுதான் வழி என்று நினைக்கிறேன்.

பாயான் லெப்பாஸ் பொறியாளன்

ஐயா சொல்வது அவர் கையாண்ட பேட்டரிக்கு முற்றிலும் சரி. அன்றைய வாக்கி டாக்கிகளில் இருந்தது நிக்கல் காட்மியம். அதைப் பாதியில் பாதியில் சார்ஜ் செய்தால் மின்னழுத்தம் முன்கூட்டியே சரியும் பழக்கம் வந்துவிடும். அதை முறிக்கத்தான் முழுக்கக் காலியாக்கினார்கள். இயர்பட்ஸில் இருப்பது லித்தியம் அயான். சோனி 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்த வகை. 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்ததும் இதே வகைதான். இதற்கு அந்தப் பழக்கம் கிடையாது. மாறாக, முழுக்கக் காலியாவதுதான் இதற்குக் கெடுதல். மின்னழுத்தம் அளவுக்குக் கீழே போய் அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அதனால்தான் பாதுகாப்பு மின்சுற்று முன்னதாகவே துண்டித்துவிடுகிறது. திரையில் பூஜ்யம் என்று காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த நிலையில் மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் அந்த மிச்சமும் வடிந்துவிடும். அப்புறம் சார்ஜர் வைத்தாலும் ஏற்காது.

நான் இங்கே தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. இன்றைய கைப்பேசியில் 5000 எம்ஏஎச் (பேட்டரிக் கொள்ளளவின் அலகு) பேட்டரி சாதாரணம். ஓர் இயர்பட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் 40 முதல் 60 எம்ஏஎச். நூறில் ஒரு பங்கு. கைப்பேசியை நாளைக்கு ஒரு தடவை நிரப்புகிறோம். ஐந்து மணி நேரம் ஓடும் இயர்பட்ஸை எட்டு மணி நேரம் மாட்டியிருப்பவர் ஒரே நாளில் ஒரு முழுச் சுற்றுக்கும் (நூறு விழுக்காடு சார்ஜைச் செலவழிப்பது ஒரு சுற்று) மேல் செலவழித்துவிடுகிறார். இந்த வகைப் பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, சுமார் 500 முழுச் சுற்றில் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு வரும் என்பது. தினமும் ஒரு சுற்று என்றால் ஒன்றரை வருடத்திலேயே அந்த எல்லை வந்துவிடும். ஆகவே செந்தூல் நண்பருடையது இரண்டு வருடத்தில் தளர்ந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. பாதி பாதியாகச் சார்ஜ் செய்தால் அதற்கேற்ற பின்னமாகத்தான் கணக்கில் சேரும். அடிக்கடி கேஸில் போட்டு எடுப்பதால் சுற்று வீணாகிறது என்று பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வெப்பத்துக்குத்தான். லித்தியம் பேட்டரி இரண்டு விதமாக மூப்படைகிறது. ஒன்று பயன்பாட்டால். மற்றொன்று சும்மா இருந்தாலே. இரண்டாவதை வேகப்படுத்துபவை இரண்டு: சூடு, நிரம்பிய நிலை. முழுக்க நிரம்பிய செல் (பேட்டரியின் மின்கலம்) 4.2 வோல்ட்டில் இருக்கும். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் திரவம் மின்முனையோடு மெல்ல வினைபுரிந்து ஒரு படலமாகப் படிந்துகொண்டே இருக்கும். அந்தப் படலத்தில் சிக்கிய லித்தியம் திரும்பி வராது. சூடு ஏற ஏற இந்த வினை விரைவாகும்.

கேடெக்ஸ் நிறுவனத்தின் பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் ஓர் அட்டவணை உண்டு. 25 டிகிரியில், 40 விழுக்காடு சார்ஜோடு ஒரு வருடம் வைத்திருந்தால் 96 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி, முழுச் சார்ஜ் என்றால் 65. 60 டிகிரியில் முழுச் சார்ஜோடு மூன்றே மாதத்தில் 60-க்கு இறங்கிவிடும். எல்லா செல்லுக்கும் இதே எண் வரும் என்று சொல்லவில்லை. போக்கு இதுதான்.

இப்போது நம் ஊரை யோசியுங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பகலில் 32, 33 டிகிரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் 50-ஐச் சுலபமாகத் தாண்டும், டாஷ்போர்டு மேல் அதைவிட அதிகம். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான், கீழே எஞ்சின் சூடு வேறு. ஏர்பாட்ஸுக்கு ஆப்பிள் சொல்லும் பயன்பாட்டு வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி வரை. வைத்திருக்கும்போது அதிகபட்சம் 45. நம் பகல் வெயிலே முதல் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கேஸை காரில் விட்டால் இரண்டாவதும் தாண்டிவிடும். அதுவும் கேஸ் தன் வேலையாக இயர்பட்ஸை எப்போதும் நூறிலேயே நிறுத்தி வைத்திருக்கும். நிரம்பியதும் சூடானதும் ஒன்றாகச் சேரும் இடம் அது.

நண்பரே, உங்கள் கேஸ் பகலில் எங்கே இருக்கிறது?

செந்தூல் வாசி

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி அண்ணே. ரயில் நிலையம் வரை மோட்டாரில் போவேன். வேலை இடத்தில் காதில் மாட்டாத நாட்களில் கேஸ் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். இனிமேல் பைக்குள் போட்டு மேலே கொண்டுபோய்விடுகிறேன். ஆனால் கேஸுக்குள் இரண்டு காதும்தானே வெந்தன? இடது மட்டும் ஏன்?

லோ யாட் பக்கத்துக் கடை

இதற்கு நான் பதில் சொல்கிறேன். புக்கிட் பிந்தாங்கில் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். ஒரு காது மட்டும் முன்னால் போவது எங்களிடம் வரும் புகார்களில் மிகச் சாதாரணமானது. முதல் காரணம் வாசகி அக்கா சொன்ன அழுக்கு. இரண்டாவது, பல பழைய மாடல்களில் ஒரு காதுதான் கைப்பேசியோடு பேசும், மற்றதற்கு அதுதான் ஒலியைக் கடத்தும். அழைப்பு வந்தால் மைக்கும் அதிலேயே இயங்கும். அந்தப் பக்கம் கூடுதலாக உழைக்கும், முன்னதாகத் தளரும். மூன்றாவது, ஒற்றைக் காதில் மாட்டும் பழக்கம். வலது கையால் கைப்பேசி பிடிப்பவர் இடது காதில் மட்டும் மாட்டி மணிக்கணக்கில் பேசுவார். அது அவருக்கே தெரியாது.

வியர்வை பற்றியும் சொல்ல வேண்டும். பத்துமலைப் படி ஏறிவிட்டு, பூங்காவில் ஓடிவிட்டு, ஈரத்தோடே கேஸில் போட்டு மூடுகிறார்கள். உப்புத் தண்ணீர் இருக்கும் முனைகளில் மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரிக்கும். பச்சை நிறமாகப் பூத்திருப்பதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீர் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் இயர்பட்டுக்கு மட்டும்தான், பல கேஸ்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. துடைத்து, கொஞ்சம் காற்றாட விட்டு, அப்புறம் மூடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே எங்கள் கடைக்கு வருவது பாதியாகக் குறையும், அதில் எனக்கு வருத்தமில்லை.

பாயான் லெப்பாஸ் பொறியாளன்

அருமையாகச் சொன்னீர்கள். 65 வாட் சார்ஜர் கேள்வி விட்டுப்போயிற்று. பயம் வேண்டாம். சார்ஜர் தள்ளுவதில்லை, கேஸ்தான் இழுக்கிறது. கேஸுக்குள் இருக்கும் மின்சுற்று 5 வோல்ட்டில் தனக்கு வேண்டிய சின்ன அளவை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதைவிடக் கவனிக்க வேண்டியது வயர் இல்லாத சார்ஜ் தட்டு. அதில் ஒரு பகுதி ஆற்றல் சூடாகவே வீணாகும். அந்தச் சூடு கேஸின் அடியிலேயே தங்கும். குளிர்சாதன அறையில் எப்போதாவது வைத்தால் சரி, தலையணை பக்கத்தில் இரவு முழுவதும் வேண்டாம்.

புக்கிட் ஜாலில் மாணவி

அண்ணா, எனக்கு இரண்டு சந்தேகம். என் கேஸ் லேப்டாப் சார்ஜரோடு வந்த இருபக்கமும் சி முனை உள்ள வயரில் சார்ஜ் ஆகவே மாட்டேன் என்கிறது. பழைய அகலமுனை வயரில் மட்டும் ஆகிறது. இன்னொன்று, பவர் பேங்கில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. கேஸ் கெட்டுவிட்டதா?

லோ யாட் பக்கத்துக் கடை

இரண்டும் கேஸ் கெட்டதற்கான அறிகுறி இல்லை தங்கச்சி. சி முனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு வைத்தால்தான், எதிரில் இருக்கும் சார்ஜர் ‘சரி, ஒரு சாதனம் வந்திருக்கிறது’ என்று மின்சாரம் அனுப்பும். மலிவான கேஸ்களில் சில சென் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். பழைய அகலமுனை சார்ஜர் எதையும் கேட்காமல் 5 வோல்ட் கொடுத்துவிடும், அதனால் ஏறுகிறது. அந்த வயரையே வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் விஷயம் வேறு. கேஸ் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, நிரம்பும் நேரத்தில் இன்னும் குறையும். எதுவும் மாட்டப்படவில்லை என்று நினைத்து பவர் பேங்க் அணைந்துவிடும். சில பவர் பேங்குகளில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட நிலைக்குப் போகும். அதற்கான குறிப்பு கையேட்டில் இருக்கும்.

சைபர்ஜெயா இரவுப் பணி

எல்லோரும் தப்பாக நினைக்க வேண்டாம். இவ்வளவு கணக்குப் பார்த்து ஒரு பொருளைப் பயன்படுத்த வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. அழைப்பு மையத்தில் வேலை. ஒரு ஷிப்டில் எட்டு மணி நேரம் காதில் இருந்தாக வேண்டும். எண்பது விழுக்காட்டில் சார்ஜை நிறுத்து, இருபதில் போடு என்று சொல்வார்களே, அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. நான் செய்வது ஒன்றுதான்: இடது தளர்ந்தால் வலது, வலது தளர்ந்தால் இடது. ஒன்று காதில், ஒன்று கேஸில். இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுவேன், அலுவலகம் அமைதியாகத்தான் இருக்கிறது. இதிலேயே ஷிப்ட் முழுக்க ஓடிவிடுகிறது. இரண்டு மூன்று வருடம் உழைத்தால் போதும், அது நமக்காக இருக்கிறது, நாம் அதற்காக இல்லை.

பாயான் லெப்பாஸ் பொறியாளன்

உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். மாற்றி மாற்றி மாட்டுவது நல்ல முறை. உழைப்பு இரண்டு பக்கமும் சமமாகப் பிரிகிறது, எதுவும் அடிமட்டம் வரை போவதும் இல்லை. இரைச்சல் நீக்கத்தை அணைப்பதும் உதவும், ஆனால் எவ்வளவு என்பது மாடலைப் பொறுத்தது. முதல் ஏர்பாட்ஸ் புரோவில் நீக்கத்தோடு 4.5 மணி நேரம், இல்லாமல் 5 என்று ஆப்பிள் குறிப்பிட்டது. சில மாடல்களில் வித்தியாசம் இதைவிடப் பெரிது. எல்டாக் மாதிரி உயர்தர ஒலிமுறைகளும் கூடுதலாகக் குடிக்கும். அழைப்புக்கு அது தேவையே இல்லை.

எண்பதில் நிறுத்துவதைக் கையால் செய்ய முடியாது என்பதும் உண்மை. கேஸில் வைத்தால் அது நூறுக்குத்தான் ஏற்றும். அதை மென்பொருள்தான் செய்ய வேண்டும். ஏர்பாட்ஸ் புரோவுக்கு ஐஃபோனின் ஐஓஎஸ் 14.2-உடன் 2020-இல் அந்த வசதி வந்தது: உங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, எடுக்கும் நேரம் நெருங்கும் வரை எண்பதுக்கு மேல் ஏற்றாமல் காத்திருக்கும். வேறு சில நிறுவனங்களின் செயலியிலும் பேட்டரிப் பாதுகாப்பு என்ற பெயரில் ஏதாவது இருக்கும். ஒருமுறை திறந்து பார்த்து இயக்கிவிடுங்கள், அப்புறம் மறந்துவிடலாம். அது இல்லாவிட்டால் வருந்த வேண்டாம். சூட்டிலிருந்து தள்ளி வைப்பதில் கிடைக்கும் பலன்தான் பெரியது. அதற்குப் பெரிய முயற்சியும் தேவையில்லை.

ஓய்வு பெற்ற வயர்லெஸ்காரர்

விளக்கத்துக்கு நன்றி தம்பி. லித்தியத்துக்கு அந்த முறை ஒத்துவராது என்பது புரிந்தது. என் மகள் வாங்கித் தந்த இயர்பட்ஸ் அலமாரியில் பல மாதமாகத் திறக்காமல் இருக்கிறது. அதை எப்படி வைக்க வேண்டும்?

பாயான் லெப்பாஸ் பொறியாளன்

ஐயா, இன்றைக்கே எடுத்து ஒருமுறை சார்ஜ் போட்டுப் பாருங்கள். ஏறினால் நல்லது. உங்களுக்குத் தேவைப்படும் வரை கேஸைப் பாதி அளவில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். கேஸுக்குள் இயர்பட்ஸ் கிடந்தால் அவற்றை நிரப்பி நிரப்பியே கேஸும் காலியாகும். அதனால் கவனிக்காமல் விட வேண்டாம். ஆனால் மகள் ஆசையாக வாங்கித் தந்ததை அலமாரியில் வைப்பதைவிடக் காதில் மாட்டிப் பாட்டுக் கேட்பது நல்லது ஐயா. சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கும்.

செந்தூல் வாசி

வாசகி அக்கா சொன்னபடி துடைத்தேன். இடது குழியின் ஒரு ஊசியில் கறுப்பாகப் படிந்திருந்தது. இப்போது இடதும் நூறு காட்டுகிறது, முன்பைவிட நேரமும் கூடியிருக்கிறது. ஆனால் வலது அளவுக்கு இன்னும் தாங்கவில்லை. இன்னொரு வினோதம்: இடது நாற்பது விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துவிடுகிறது.

லோ யாட் பக்கத்துக் கடை

நூறு என்று காட்டுவது இன்றைய கொள்ளளவில் நூறு. புதிதில் இருந்த நூறு இல்லை. அதோடு பல கைப்பேசிகளில் இயர்பட்ஸ் அளவு பத்துப் பத்தாகத்தான் தெரியும். திடீரென அணைவது செல்லின் உள்தடை (மின்சாரம் பாய உள்ளே இருக்கும் எதிர்ப்பு) கூடிவிட்டதால். ஒலியைக் கூட்டும்போதோ அழைப்பு வரும்போதோ ஒரே நொடியில் அதிகம் இழுக்கும், பழைய செல் அதைத் தாங்காமல் மின்னழுத்தம் சரியும், பாதுகாப்பு மின்சுற்று துண்டித்துவிடும். அதைச் சரிசெய்யப் புது செல்தான் வழி.

உங்கள் மாடலில் வட்டமான பொத்தான் செல்லா என்று பாருங்கள். 1254 என்ற எண் இருந்தால் 12 மில்லிமீட்டர் விட்டம், 5.4 மில்லிமீட்டர் தடிமன். அது பரவலாகக் கிடைக்கிறது, திறந்து மாற்ற முடியும். தண்டுக்குள் குச்சிபோல நீண்ட செல் என்றால் பிசினோடு ஒட்டியிருக்கும், உடைக்காமல் எடுப்பது மிகக் கடினம். எதுவானாலும் வீட்டில் கத்தியால் திறக்க வேண்டாம். அத்தனை சின்னச் செல்லும் குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். இயர்பட்டோ கேஸோ உப்பி மூடி பொருந்தாமல் போனால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா

இதைப் படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வருகிறது. பேட்டரி தேயும் என்று செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் திறக்க முடியாதபடி ஒட்டி விற்கிறார்கள். ஐந்நூறு, ஆயிரம் வெள்ளி கொடுத்த பொருளைச் சின்ன ஒரு செல்லுக்காகத் தூக்கிப் போட வேண்டுமா? முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஃபேர்ஃபோன் நிறுவனம் 2024-இல் விட்ட ஃபேர்பட்ஸில் இரண்டு காதுக்கும் கேஸுக்கும் பேட்டரியை நாமே மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைச் சில விலக்குகள் தவிர, பயனரே கழற்றும்படி வைக்க வேண்டும். அந்த வடிவமைப்பு இங்கும் வந்தால் நமக்கும் நல்லது. நாமும் கேட்டு வாங்க வேண்டும்.

நம் மலேசியாவிலும் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நியாயமான காலத்துக்குப் பழுதுபார்ப்பும் உதிரிபாகமும் கிடைக்க வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம், கிடைக்காது என்று வாங்கும்போதே நமக்கு அறிவித்திருந்தால் தவிர. உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே ஒரு காது போய், கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.

செத்துப்போனதைச் சமையலறைக் குப்பையோடு கட்டிப் போடாதீர்கள். மின்னணுக் கழிவு இங்கே எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் பட்டியலிட்ட கழிவு. பேரங்காடிகளில், கைப்பேசிக் கடைகளில் மின்கழிவுப் பெட்டி வைத்திருக்கும் இடங்களில் சேருங்கள். குப்பை லாரியின் அழுத்தத்தில் லித்தியம் செல் நசுங்கினால் லாரிக்கே தீப்பிடிக்கும்.

புக்கிட் ஜாலில் மாணவி

நன்றி அக்கா, ரசீது விஷயம் எனக்குத் தெரியாது. கடைசியாக ஒன்று: இணையக் கடையில் மூன்று வருடத்துக்கு முந்தைய நல்ல மாடல் ஒன்று திறக்காத பெட்டியோடு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பாயான் லெப்பாஸ் பொறியாளன்

திறக்காத பெட்டி என்றாலும் செல்லுக்கு வயது தயாரித்த நாளிலிருந்து ஓடுகிறது. நம் ஊர்க் கிடங்குகளில் குளிர்சாதனம் பெரும்பாலும் இருப்பதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்புத் தேதி பெட்டியில் இருந்தால் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு உட்பட்டதென்றால் தயங்காமல் வாங்கலாம், பழைய மாடல்களைப் பிறகும் தயாரிப்பதுண்டு. மூன்று வருடமே ஆகியிருந்தால் உள்ளூர் உத்தரவாதம் எழுத்தில் உண்டா, எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வந்ததும் இரண்டு காதையும் நிரப்பி, ஒரே ஒலி அளவில் அணையும் வரை ஓடவிட்டு, இரண்டும் எவ்வளவு நேரம் தாங்கின என்று குறித்துக்கொள்ளுங்கள். அறிவித்த நேரத்தைவிட மிகவும் குறைந்தாலோ, இரண்டு காதுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தாலோ, திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். இந்த ஒரு சோதனைக்காக முழுக்கக் காலியாக்குவதால் செல்லுக்கு ஒன்றும் ஆகாது.